அம்பு ஒட்டிய தக்காளி

வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனியில் குறை கண்டுபிடிப்பதுதான் ரங்காத்தாளுக்கு வேலை. ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் என்று கண்ணில் பட்டதற்குப் பக்கத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். ரவிக்கையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்துவிடும் அம்புகளும் வீணாவதில்லை. மாடிப்படித் திருப்பத்தில் இரண்டு பெயின்ட் வாளிகளில் தக்காளி வளர்த்தாள். பூச்சி விழுந்த இலைக்கெல்லாம் ஓர் அம்பு. பொழுதிருந்தால் பார்த்துக் கிள்ளிவிடலாம்.

மூன்று காய்கள் சிவக்கத் தொடங்கியிருந்தன. மகள் தேஜஸ்ரீ முழுகாமல் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்ததும் அந்தச் செடிப் பழத்தில்தான் சோற்றுக்குக் கடைசல் வேண்டும் என்று போனில் சொல்லிவிட்டாள்.

புதன்கிழமை ஆர்டர் கொடுக்கும் ஜெர்மன் பையர் வந்தார். அதற்காக முதலாளி மகுடேஸ்வரன் கம்பெனி மொட்டை மாடியில் ‘பசுமைப் பூங்கா’ என்று போர்டு வைத்திருந்தார். தலைமுறை தலைமுறையாக விவசாயம் என்று மேடைதோறும் சொல்லும் அவர் நட்ட இருபது செடிகளும் கருகிவிட, போர்டு மட்டும் செழிப்பாக நின்றது. அதனால்தான் முந்தைய நாளே ரங்காத்தாளைக் கூப்பிட்டுவிட்டார்.

“உங்கூட்டுச் செடிய ஒரே ஒரு நாளைக்குக் குடு கண்ணு.”

ஐம்பது வயதுக்காரியை முதலாளி ‘கண்ணு’ என்றால் வேறென்ன சொல்வது. “சரிங்க” என்றாள். இரண்டு வாளிகளும் பூங்காவுக்குப் போயின.

பையர் பனியனை விட்டுவிட்டு இலையில் இருந்த அம்பைப் பார்த்தார். என்ன இது என்றார். மேனேஜர் சதீஷ்குமார் கண்ணிமைக்காமல், “எங்க கம்பெனியில செடிக்கும் செக்கிங் உண்டு” என்று இங்கிலீஷில் அடித்துவிட்டார். பையர் பதினொரு போட்டோ எடுத்தார்.

சனிக்கிழமை ரங்காத்தாள் மொட்டை மாடிக்கே போய்க் கேட்டாள். “ஏனுங்க, செடிய எடுத்துட்டுப் போகட்டுங்களா?”

“திங்கக்கிழமை அடுத்த பையர் வர்றாருல்ல” என்றார் மகுடேஸ்வரன்.

“பழத்தையாச்சும் குடுங்க. எம்புள்ள முழுகாம இருக்குதுங்க.”

“நல்ல சேதி. ஆப்பிள் வாங்கிக் குடு, சத்து.” ஸ்டிக்கர் ரோலை அவள் கையில் வைத்தார். “எல்லா எலைக்கும் ஒட்டிப்போடு. பழத்துக்கும்.”

“பழத்துல குத்தம் ஒண்ணும் இல்லீங்களே.”

“இல்லாட்டிப் போகுது. போட்டோவுல தெரியோணும்.”

ஒட்டினாள். மூன்றாவது பழம் தொட்டாலே கையோடு வந்துவிடும்போல் கனிந்திருந்தது. அதிலும் ஒன்று ஒட்டினாள்.

அம்பு ஒட்டிய எதுவும் கம்பெனி கேட்டைத் தாண்டக் கூடாது. புதிதாகச் சேரும் பெண்களுக்கு முதல் நாளே அதைச் சொல்லிக்கொடுப்பவள் ரங்காத்தாள்தான்.