தபீதாளின் தண்ணீர் எச்சரிக்கை

வெள்ளத்துக்குப் பிறகு முடிச்சூரில் பலர் வீட்டை உயர்த்திக் கட்டினார்கள். சுந்தர்சிங் வாத்தியாரின் வீட்டை மகன் ஆஸ்டின் ஸ்மார்ட் ஆக்கினான். விளக்கு தானே எரிந்தது, மோட்டார் தானே நின்றது, வாத்தியார் மட்டும் முன்பு போலவே இருந்தார். வாசற்படியோரம் தரையில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு சென்சார். ஈரம் பட்டால் ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல் எச்சரிக்கும்.

"இந்தப் பொம்பளைக் குரல் வேணாம்டா," என்றாள் வாத்தியாரின் மனைவி தபீதாள்.

"ஏன் மம்மி, இவ கூப்பிட்டா டாடி எழுந்திருக்க மாட்டாரா?"

"எழுந்திருப்பாரு. அதான் பிடிக்கல."

தன் குரலையே அதில் பதிந்துவைத்தாள். "ஏங்க, தண்ணி வந்துடுச்சு. எழுந்திருங்க."

போன வருடம் தபீதாள் இறந்துபோனாள். அடக்கம் முடிந்த வாரம், வீட்டு வேலை செய்யும் பச்சையம்மா வாளியைத் தட்டிவிட, வாசற்படியிலிருந்து செத்தவள் கூப்பிட்டாள். பச்சையம்மா போட்ட துடைப்பம் போட்டபடி கிடந்தது. சம்பளம் வாங்கக்கூட அவள் திரும்பவில்லை. வாத்தியார் எழுந்து நின்றார். கல்யாணமான நாளிலிருந்து வந்த பழக்கம்.

அன்றிலிருந்து மாலை ஜெபம் முடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரைச் சென்சார் மேல் ஊற்றிவிட்டு, வேகமாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். உட்கார்ந்தால்தானே எழுந்திருக்க முடியும்.

ஒவ்வொரு முறையும் கோவிலம்பாக்கத்தில் குடியிருந்த ஆஸ்டினின் போனிலும் வெள்ள எச்சரிக்கை அலறும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அதைக் கழற்றினான்.

"நாளைக்கு நெஜமாவே வெள்ளம் வந்தாலும், நீங்கதான் ஊத்துறீங்கன்னு சும்மா இருந்துடுவேன் டாடி. வேற வாங்கிட்டு வரேன்."

"அவ குரலை மட்டும் போன்ல போட்டுக் குடுத்துடேன்."

"வராது டாடி. அது உள்ளயே பதிஞ்சது. வெளிய எடுக்க வழியில்ல."

சென்சாரைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

மாலை ஜெபம் முடிந்தது. தெரிந்தேதான், வாத்தியார் வெறும் தரையில் டம்ளரைக் கவிழ்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் ஓடைபோல் நாற்காலிக் கால்வரை வந்தது. யாரும் கூப்பிடவில்லை. வீட்டில் விளக்குகள் தாமாக எரிந்தன.

போன் அடித்தது.

"டாடி, இப்ப தண்ணி ஊத்தினீங்களா?" என்றான் ஆஸ்டின்.

"ஏன்டா?"

"பாட்டரியைக் கழட்டி மேசை மேல வெச்சிருக்கேன். சென்சார் பெட்டி காஞ்சுபோய்க் கிடக்கு. மம்மி பேசறாங்க."

வாத்தியார் எழுந்து நின்றார்.

"தண்ணி வந்துடுச்சுன்னா?"

"இல்ல டாடி. அதுல பதியாத எதையோ சொல்றாங்க." பெட்டியில் காதை வைத்துக் கேட்டுச் சொன்னான். "'அந்தத் தரையைத் தொடச்சிட்டு உட்காருங்க, வழுக்கிடும்'னு."

வாத்தியார் கீழே பார்த்தார். பாதம் இரண்டும் ஈரத்தில் இருந்தன. மாப் கதவுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது.

"போனைப் பெட்டிகிட்ட வை," என்றார். "கட் பண்ணிடாத, லைன்லயே இரு."

மாப்பைத் தாண்டிப் போய் டம்ளரை எடுத்து, மறுபடி நிரப்பத் தொடங்கினார்.