பொருந்தாத குரல்

தடயவியல் ஆய்வகத்தில் அவனுக்குக் 'காது' என்று பட்டப்பெயர். கிண்டல்தான். மிரட்டல் போன், கடத்தல் போன் என்று எது வந்தாலும் அவன் காதை நம்பமாட்டான்; குரலைக் கணினித் திரையில் கருப்புப் பட்டைகளாக விரித்து, கண்ணால் பார்த்துத்தான் ஆளைச் சொல்வான். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

தங்கைக்கு நிச்சயமான கல்யாணம் ஒரே ஒரு போனில் நின்றுபோனது. "பொண்ணுக்கு வலிப்பு இருக்கு, மறைக்கிறாங்க" என்று வாயில் துணியை வைத்துக்கொண்டு எவளோ பேசியிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பதிவைத் தங்கைக்கே அனுப்பிவைத்தார்கள். என்ன பெருந்தன்மை! வீட்டில் எல்லோரும் அத்தையைத்தான் கரித்துக் கொட்டினார்கள். தன் மகனுக்குப் பெண் கேட்டுக் கிடைக்காத வயிற்றெரிச்சலாம். அம்மாதான் அதிகம் சபித்தாள்.

"யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுண்ணா, அது போதும்" என்றாள் தங்கை.

அவன் அத்தை எப்போதோ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை எடுத்தான். கூடவே, நிச்சயமாகப் பொருந்தாத குரல் ஒன்றையும் சேர்க்கவேண்டும். கணினி யாரைக் கொடுத்தாலும் தலையாட்டுகிறதா என்று பார்க்க. அது ஆய்வக வழக்கம். கைக்கு வந்தது அம்மாவின் குரல்: "அப்பாவுக்கு மாத்திரை வாங்கிட்டு வா."

அத்தையின் பட்டைகள் எங்கேயோ போயின. அம்மாவுடையவை அப்படியே போய்ப் பொருந்தி உட்கார்ந்தன. மறுபடி பார்த்தான். மறுபடியும் அம்மாதான்.

காரணம் புரிய நேரமாகவில்லை. பக்கவாதத்தில் விழுந்த அப்பாவைப் புரட்டுவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் தங்கைதான். அவள் போய்விட்டால் யார்? அம்மாவுக்கு முதுகு வளையாது. அப்புறம் அவன்தான். அந்த நினைப்பு வந்ததுமே அவன் வாய்க்குப் பூட்டு விழுந்துவிட்டது. வெட்கங்கெட்ட பூட்டு.

சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே தங்கையிடம் சொன்னான். "பதிவு தெளிவா இல்ல. யார் குரலோடயும் ஒத்துப்போகல."

தங்கை அவனையே பார்த்தாள். "அம்மா குரல் எனக்குத் தெரியாதாண்ணா? முதல் தடவை கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சு. நீயாவது எனக்காகப் பேசுவியான்னுதான் உங்கிட்ட கொடுத்தேன்."

சமையலறையில் அம்மா பாத்திரம் உருட்டுவது நின்றது. உள்ளறையில் அப்பா முனகினார். புரட்டிப் படுக்கவைக்கிற நேரம். முதல் முனகலுக்கே எழுந்து ஓடுகிறவள் அசையவில்லை.

"போண்ணா" என்றாள். "இனிமே நீதான்."