மனை எண் இருநூற்றுப் பதினேழு

நகரசபையில் ஒரு மனு எத்தனை மேசை தாண்டவேண்டும் என்று என்னைக் கேளுங்கள். பதினொன்று. எந்த மேசையில் யார், எத்தனை மணிக்கு டீ குடிக்கப் போவார் என்பது வரை சொல்வேன். பன்னிரண்டு சனிக்கிழமை என் தையல் கடையைப் பூட்டிவிட்டுப் போய்க் கற்றுக்கொண்டது. அவ்வளவும் கற்று நான் செய்து முடித்த காரியத்தைத்தான் சொல்ல வந்தேன்.

என் தங்கச்சி தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துக் கட்டடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள். வேலைக்குப் போகிற தாய்மார் காலையில் விட்டுவிட்டுப் போவார்கள். பத்தொன்பது பிள்ளைகள். முன்னறை அவர்களுக்கு, பின்னறை அவளுக்கும் அவள் மகளுக்கும். புருஷன்காரன் விட்டுப் போன வருஷம் நகரசபை கொடுத்த இடம் அது. ஒன்பது வருஷம் ஆகிறது. அதைத் திரும்ப எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியதும் ராத்திரி தூக்கமில்லாமல் அலைந்தாள்.

“எடுத்துட்டா எங்கேக்கா போவேன்?” என்றாள்.

“நான் இருக்கிற வரைக்கும் எவன் எடுக்கிறான்னு பாக்கறேன்” என்றேன். வாய்க்கு என்ன, பேசிவிடும்.

அந்த வாரமே நகரசபைப் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். சமூகத் தலைமைத்துவப் பயிற்சி, பன்னிரண்டு சனிக்கிழமை, இலவசம். முதல் ஆளாகப் பேர் கொடுத்தேன்.

பயிற்சி கொடுத்த மேடத்துக்குத் தேன் ஒழுகும் குரல். “நீங்கதான் நாளைய தலைவர்கள்” என்று ஆரம்பித்தார். எனக்கு வயது நாற்பத்தெட்டு, சிரிப்பு வந்தது. ஆனால் நாலாவது வாரத்தில் வரவுசெலவுத் திட்டத்தை வரி வரியாகப் படித்து நான் கேட்ட கேள்விக்கு மேடமே தண்ணீர் குடித்தார். பக்கத்து நாற்காலிக்காரர், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், அன்றைக்கே எனக்கு ‘சேர்மன்’ என்று பேர் வைத்துவிட்டார். உச்சி குளிர்ந்துபோனது. பொய் சொல்லக்கூடாது, எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

பத்தாவது வாரம் மாதிரிக் கூட்டம். நகரசபையின் நிஜ மண்டபத்திலேயே. ஆளுக்கு இரண்டு பேரைப் பொதுமக்களாக நடிக்கக் கூட்டி வரச் சொன்னார்கள். நான் தங்கச்சியையும் அவளுடைய எதிர்வீட்டுக்காரியையும் இழுத்துப் போனேன். வாசலில் வருகைப் பதிவேடு. பேர், முகவரி, அடையாள அட்டை எண், கையெழுத்து.

“நடிக்கத்தானே வந்தோம், இதெல்லாம் எதுக்கு?” என்றார் கண்டக்டர்.

“நிஜம் மாதிரியே இருக்கணும் இல்லையா?” என்றார் மேடம். முப்பத்தொரு பேரும் போட்டோம்.

தலைவர் நாற்காலி எனக்கு. சுற்றுகிற நாற்காலி. முன்னால் ஒரு மணி. மேடம் ஒரு கோப்பைத் திறந்து நீட்டினார்: மனை எண் இருநூற்றுப் பதினேழு, பழைய கட்டடம், இடித்துவிட்டு வாகன நிறுத்துமிடம் கட்டலாமா என்பது விஷயம். அந்த எண்ணை மூன்று தடவை கணீரென்று வாசித்தேன். எங்கள் பக்கத்தில் யாரும் இடத்தை மனை எண்ணால் சொல்வதில்லை. தொட்டிப் பக்கம், வளைவுப் பக்கம், இவ்வளவுதான். பதினொரு மேசையும் மனப்பாடம் செய்த எனக்குத் தங்கச்சி கட்டடத்தின் எண் என்னவென்று ஒரு தடவை பார்த்து வைக்கத் தோன்றவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தங்கச்சியிடம் மேடம், “நீங்க அந்தக் கட்டடத்துல குடியிருக்கிறவங்க, எதிர்த்துப் பேசுங்க” என்றார். அவளுக்கு நடிப்பு எங்கே வரும்? தன் கதையையே சொன்னாள். பத்தொன்பது பிள்ளைகள், மத்தியானம் அவர்களைத் தூங்க வைப்பது, மகளின் பரீட்சை. சொல்லும்போதே குரல் கம்மியது. எனக்கு எரிச்சல். சபையில் மானத்தை வாங்குகிறாளே என்று மணியை அடித்தேன்.

“மூணு நிமிஷம் முடிஞ்சுது. உட்காருங்க.”

“அக்கா, இன்னும் ஒண்ணே ஒண்ணு...”

“தலைவர்னு கூப்பிடுங்க.”

மண்டபமே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆட்சேபம் ஒன்று, கேட்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது. உறுப்பினர்களாக உட்கார்ந்திருந்த மற்ற பயிற்சிக்காரர்கள் ஏகமனதாகக் கை தூக்கினார்கள். தீர்மானத்தின் வாசகத்தை மேடம் திருத்தவே வேண்டியிருக்கவில்லை, அவ்வளவு கச்சிதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

திரும்பி நடக்கும்போது தங்கச்சி சொன்னாள், “பாவம்கா அந்தக் கட்டடத்துக்காரங்க.”

“அடி மக்கு, அப்படி யாரும் இல்லடி. சும்மா எழுதினது” என்றேன்.

பயிற்சி முடிந்து கொடுத்த சான்றிதழைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினேன். அதற்கு மூன்றாம் வாரம் தங்கச்சி கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும். மனை எண் இருநூற்றுப் பதினேழு, நான் மூன்று தடவை கணீரென்று வாசித்த அதே எண். ஆனாலும் அவளைத் தேற்றினேன்.

“ஜனங்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேக்காம ஒரு செங்கல்லக்கூட எடுக்க முடியாதுடி. சட்டம் அப்படி. நான் படிச்சிருக்கேன்.”

நேரே எட்டாவது மேசைக்குப் போனேன். குமாஸ்தா கோப்பை என் பக்கம் திருப்பி வைத்தார். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடைபெற்றது. தேதி சரி. கையெழுத்துகள் முப்பத்தொன்று. தலைமை தாங்கியவர் நான். ஆட்சேபித்தவர் பேருக்கு நேரே தங்கச்சியின் கோணல் கையெழுத்து.

மேடத்தின் அறைக்கு ஓடினேன். “மாதிரின்னு தானே சொன்னீங்க? பாவி, அது என் தங்கச்சி வீடும்மா!”

“மாதிரியாவும் இருந்துச்சு, கூட்டமாவும் இருந்துச்சு. ரெண்டு தடவை ஏன் செலவு பண்ணணும்?” அதே தேன் குரல். ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நகர்த்தி வைத்தார். “அது நிஜக் கூட்டமில்லன்னு தலைவர் எழுதிக் குடுத்தா கோப்பு அதோட நின்னுடும், இடிக்க முடியாது. தாராளமா எழுதுங்க. பொய்ப் பதிவேட்டுல கையெழுத்துப் போட்டதா கேஸ் வரும், உங்க மேல. பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற ஆர்டரும் நகரசபை குடுக்கிறதுதானே?”

பேனாவை எடுத்தேன். தேதியை எழுதினேன். கடை, மூன்று மெஷின், கோர்ட்டு வாசல் எல்லாம் கண்முன் வந்தன. பயந்தேன். சீ, நானும் ஒரு அக்காவா! தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

தங்கச்சி பிள்ளைகளின் பாய்களைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள். அதற்குள் கண்டக்டர் வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார், வெள்ளைத் தாள் உட்பட. அவரையும் கூப்பிட்டு மேடம் அதையே காட்டியிருந்தார், தலைவர் எழுதினால்தான் செல்லும் என்று.

“எழுதிக் குடுத்தியா?” என்றாள்.

நான் பேச ஆரம்பித்தேன். கேஸ் என்றேன், ஆர்டர் என்றேன், மேல்முறையீடு என்றேன், வேறு வீடு பார்க்கலாம், என் கடை மாடியில் கொஞ்ச நாள் இருக்கலாம் என்றேன். அவள் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூணு நிமிஷம் முடிஞ்சுது, தலைவரே” என்றாள்.

பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, கடிகாரத்தைக் கழற்றித் துடைத்து, பாத்திரங்களோடு பெட்டியில் வைத்தாள்.