கப்பல்காரவுக குளிச்ச தண்ணி

எனக்குக் கடலப் பாத்தா கோவம்தான் வரும். அம்புட்டுத் தண்ணி கெடந்து என்ன புண்ணியம், ஒரு வாய் குடிக்க முடியுதா? பெரியபட்டினத்துக் கரையில வள்ளத்துல ஏறி உக்காந்ததுமே இதச் சொன்னேன். எங்க வீட்டுக்காரரு குருநாதன், சும்மா இருன்னு தொடையில இடிச்சாரு. வேலை குடுக்குற தம்பி எதுத்தாப்புல உக்காந்திருந்துச்சு. சதக்கத்துல்லான்னு பேரு, எல்லாருக்கும் சதக்கு. அந்தத் தம்பி கோவிக்கல, சிரிச்சுச்சு.

சுனாமி வந்த மறு வருசம் அது. எங்க ஊரு முதுகுளத்தூருக்குத் தெக்க, உள்ளடங்கிக் கெடக்கு. கம்மா வறண்டு, வெள்ளாமை போயி, கருவேல மரத்த வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் கஞ்சி குடிச்சோம். நான் கலியாணம் முடிஞ்சு அங்கன போன நாளுல இருந்து தண்ணிக்கு நடந்தேன். கெணத்துக்குள்ள ஒருத்தி எறங்கிச் சிரட்டையால மோந்து ஊத்த, மேல நாங்க வரிசையில நிப்போம். இந்தச் செவ்வந்திக்கு வாய் நீளம்னு சொல்றவுக ஒரு வாரம் அந்த வரிசையில வந்து நின்னு பாக்கட்டும். வாய் இல்லாதவளுக்கு அங்கன குடம் நெறையாது.

மகளக் கட்டிக் குடுத்தாச்சு, ஊருல பாக்க ஒண்ணும் இல்ல. அதான் ரெண்டு பேரும் கெளம்பி வந்தோம். சதக்கோட மாமா ஜெய்னுலாபுதீன் முதலாளிக்குக் கடலுக்குள்ள பட்டா உள்ள மணல் திட்டு ஒண்ணு, அதுல தென்னந்தோப்பு. ஒரு கப்பல் கம்பெனி அதக் குத்தகைக்கு எடுத்திருந்துச்சு. கப்பல் ஆழத்துல நிக்கும். அங்கன இருந்து படகுல வெள்ளக்காரவுக, வடக்கத்தி ஆளுக எல்லாம் வந்து எறங்கி, ஒரு பகல் பூரா மணல்ல படுத்துக் கெடந்துட்டுப் பொழுது சாயப் போயிருவாக. யாருமே இல்லாத கரை, உங்களுக்கே உங்களுக்குன்னு சொல்லித்தான் கம்பெனி அவுகளக் கூட்டியாந்துச்சாம். அந்த யாருமே இல்லாத கரையில நாங்க ரெண்டு பேரும் தோப்புக்குப் பின்னாடி ஓலைக் குடிசையில இருந்தோம். சதக்கு மேனேசரு. எளநி வெட்டுறது எங்க வீட்டுக்காரரு வேலை, கூட்டி அள்ளுறது என் வேலை.

போன அன்னைக்கே கேட்டேன், தண்ணி எங்கன எடுக்கன்னு. சதக்கு என்னையத் தோப்புக்கு நடுவுல ஒரு பள்ளத்துக்குக் கூட்டிப் போயி, குனிஞ்சு கையாலயே மணலப் பறிச்சுச்சு. முழங்கை ஆழம்கூட இருக்காது. ஓரத்துல இருந்து கசிஞ்சு கசிஞ்சு தண்ணி தெளிவா நின்னுச்சு. சிரட்டையில மோந்து குடிச்சேன். எளநி மாதிரி இருந்துச்சு. எனக்கு அழுகை வந்துருச்சு, அந்தத் தம்பி முன்னாடியே அழுதேன். வரிசை இல்ல, சண்டை இல்ல, கைய விட்டா தண்ணி. இனி செத்தாலும் இங்கனதான்னு அன்னைக்கே அவருகிட்டச் சொல்லிட்டேன்.

மொத வருசம் வந்தவுக நல்லாத்தான் இருந்தாக. ஒரு படகு ஆளு வரும், ஆளுக்கொரு தென்னை நெழலப் பாத்துப் படுத்துக்கும். அவுக போன பெறகு மணல்ல கெடக்குற காலடியக்கூட நான் வெளக்குமாத்தால தடவி விட்டுரணும். அடுத்து வாரவுக பாக்கையில, இதுக்கு முன்னாடி மனுச சென்மமே இங்கன வரலைங்கிற மாதிரி இருக்கணுமாம். ஊருல வாசல் கூட்டுனா நாலு பேரு பாத்து மெச்சணும்னு கூட்டுவோம். இங்கன கூட்டுனதே தெரியக்கூடாது. படகு வந்துட்டா என் தலையும் தெரியக்கூடாது. நல்லா இருக்குடா உங்க நாயம்னு நெனச்சுக்கிட்டே தோப்புக்குள்ள போயிருவேன்.

அம்புட்டு அழகா இருந்தா சும்மா விடுவாகளா? மறு வருசம் ரெண்டு படகு வந்துச்சு. அதுக்கடுத்து எத்தனைன்னு எண்ண எனக்கு நேரம் இல்ல. வரிசையாக் கூரை போட்டாக, சிமிண்டுப் பாதை போட்டாக, பாட்டுப் பெட்டி வச்சாக, சாராயம் ஊத்த ஒரு கொட்டகை போட்டாக. தண்ணி மேல ஓடுற ஸ்கூட்டரு ஒண்ணு வந்து நாள் முழுக்க உறுமுச்சு. கரையில நண்டு ஓடுறது நின்னு போச்சு. நாற்காலிக்கு நாற்காலி முட்டிக்கிட்டு நின்னுச்சு. யாருமே இல்லாத எடத்தப் பாக்க ஊரே கெளம்பி வந்தா, அப்புறம் அது எப்பிடி யாருமே இல்லாத எடமா இருக்கும்? இத அந்தக் கம்பெனிக்காரனுகிட்டக் கேக்க ஆளு இல்ல.

மொத வருசம் வந்த வெள்ளக்காரம்மா ஒருத்தவுக மூணாம் வருசம் திரும்ப வந்தாக. இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்து பாத்துட்டு, சதக்குகிட்ட வந்து, படகுக்காரரு எடம் மாத்தி எறக்கிட்டாருன்னு சொல்லியிருக்காக. குப்பைக் கூடையோட நின்ன என்னைய அடையாளம் கண்டுக்கிட்டு, ஓடி வந்து கையப் புடிச்சுக்கிட்டாக. அப்பத்தான் இதே எடம்னு நம்புனாக போல. மொகம் சுண்டிப் போச்சு. பாவம், கடலுக்கு முதுகக் காட்டி உக்காந்துட்டு மொதப் படகுல போயிட்டாக.

நான் எதையும் பொறுத்துக்குவேன், தண்ணிய வீணடிச்சாப் பொறுக்க மாட்டேன். கடல்ல குளிச்சவுகளுக்கு மேலெல்லாம் பிசுபிசுங்குதாம், நல்ல தண்ணியில கழுவணுமாம். தோப்புப் பள்ளத்து ஊத்துல மோட்டார வச்சு, தொட்டி கட்டி, வரிசையா மேல இருந்து ஊத்துற குழாய் போட்டாக. ஒருத்தரு கால்ல ஒட்டுன மண்ணு போகுறதுக்குள்ள எங்க ஊருல ஒரு தெருவே சமைச்சுச் சாப்புட்டுரும். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ரெண்டு தடவை போயிக் குழாயத் திருகி அடைச்சேன். சோப்போட நின்ன ஒரு மனுசன் என்னமோ கத்துனாரு, நானும் பதிலுக்குக் கத்துனேன். நல்லவேளை, அவரு சொன்னது எனக்குப் புரியல, நான் சொன்னது அவருக்குப் புரியல.

ஊத்து எம்புட்டுத்தான் தாங்கும்? உச்சிப்பொழுதுக்கெல்லாம் மோட்டார் காத்த இழுத்துச்சு. கம்பெனி அதிகாரி வந்து பாத்துட்டு, தண்ணி போதலைன்னா படகுல தண்ணியும் கொண்டாந்து வேலை ஆளுகளையும் கொண்டாந்துக்கிருவோம், இங்கன வேற யாரும் தேவையில்லைன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. இத்தனைக்கும் மரியாதையாத்தான் சொன்னாரு. எங்க வீட்டுக்காரரு அன்னைக்குச் சோறு திங்கல. மறுபடியும் கரிமூட்டமா, மறுபடியும் நீ குடத்தத் தூக்கிட்டு வரிசையில நிக்கணுமான்னு என்னையப் பாத்துக் கேட்டாரு. அந்த மனுசன் பயந்ததெல்லாம் எனக்காகத்தான்.

எங்க பக்கத்துல கெணறு வத்துனா ஆழப்படுத்துவோம். அய்யா காலத்துல இருந்து அதுதான் தெரியும், தண்ணி கீழ போனா நாமளும் கீழ போகணும். இவரு கெணத்துல எறங்கி வெட்டுறதுல கெட்டிக்காரரு. ஊத்துல உறை எறக்கி ஆழமா வெட்டுனா வேணுங்கிற மட்டும் தண்ணி வரும்னு அதிகாரிகிட்ட இவரே போயிச் சொல்லிட்டாரு. முழங்கைக்குக் கீழ தோண்ட மாமா விடமாட்டாக, ஏன்னு எனக்குத் தெரியலண்ணேன்னு சதக்கு இழுத்துச்சு. கடக்கரை ஆளுகளுக்குக் கெணத்தப் பத்தி என்ன தம்பி தெரியும்னு இவரு சிரிச்சாரு.

சிமிண்டு உறைய ஒண்ணு மேல ஒண்ணா எறக்கி வெட்டுனாரு. நெஞ்சு மட்டும் தண்ணி வந்துருச்சு. உள்ள நின்னுக்கிட்டு ரெண்டு கையாலயும் அள்ளித் தலையில ஊத்திக்கிட்டுச் சிரிச்சாரு. மேல நின்னவுக கை தட்டுனாக. அதிகாரி கையக் குடுத்து மேல தூக்கி விட்டாரு. எங்க கலியாணத்தன்னைக்குக்கூட அந்த மனுசன் அப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததில்ல.

மோட்டார் விடாம ஓடுச்சு. புது வருசக் கூட்டம் வந்து திட்டுல கால் வைக்க எடமில்லாம நின்ன வாரம், நான் வச்ச கஞ்சி கரிச்சுச்சு. ரெண்டு தடவை உப்பப் போட்டுட்டோம்னு நெனச்சேன். மறுநாள் உப்பே போடாம வச்சேன், அதுவும் கரிச்சுச்சு. குடத்துத் தண்ணிய வாயில ஊத்துனேன். துப்பிட்டு, அங்கனயே மணல்ல உக்காந்துட்டேன்.

ஜெய்னுலாபுதீன் முதலாளிய வள்ளத்துல கூட்டியாந்தாக. உறையில சாஞ்சு நின்னு எட்டிப் பாத்தாரு. மழைத் தண்ணி மணல்ல எறங்கி உப்புத்தண்ணிக்கு மேல தேங்கி நிக்குது, மேலாப்புல எடுத்தா வரும், ஆழமாப் போயி இழுத்தா கீழ இருக்குற உப்பு ஏறிரும்னு மெதுவாச் சொன்னாரு. அல்லா குடுத்தத அளவா எடுக்கணும், நான்தான் உங்களுக்கு வெவரமாச் சொல்லியிருக்கணும்னு எங்க வீட்டுக்காரரு தோளத் தொட்டாரு. அவரு நாலு வார்த்தை வஞ்சிருந்தாலாவது இவரு அழுது தீத்திருப்பாரு.

கப்பல் வந்த மிச்ச நாளைக்குக் கம்பெனி படகுல தண்ணி கொண்டாந்துச்சு. வந்தவுக குளிச்சாக, போனாக, அவுகளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. எங்களுக்குக் கேன் தண்ணி குடுத்தாக. தென்னை ஓலை பழுத்துச்சு, குரும்பை கொட்டுச்சு. வெயில் காலத்துல போன கப்பல் பெறகு வரல. கரையில கூட்டம் சாஸ்தி, முன்ன மாதிரி இல்லைன்னு வந்தவுக கொறை சொல்றாகன்னு கம்பெனி வேற நாட்டுல வேற கரையப் பாத்துக்கிருச்சாம். கூட்டத்தக் கொண்டாந்ததும் அவுகதான், கூட்டம்னு சொல்லிக் கைகழுவுனதும் அவுகதான். கூரை, சிமிண்டு, குழாய் எல்லாத்தையும் அப்பிடியே போட்டுட்டுப் போயிட்டாக. தோப்பக் காக்குறதுக்கு முதலாளி எங்கள இருக்கச் சொன்னாரு. சம்பளம்னு பெருசா இல்ல, தேங்காயும் அரிசியும் உண்டு.

எங்க வீட்டுக்காரரு பேச்ச விட்டுட்டாரு. அந்த வெயில்ல ஒத்தை ஆளா உறைய ஒண்ணொண்ணா ஒடச்சு மேல ஏத்தி, குழிய மணலப் போட்டு மூடுனாரு. நான் சாடையா, நேரா, எப்பிடித் திட்டிப் பாத்தும் வாயத் தொறக்கல. சதக்கு வள்ளத்துல கொண்டாந்து போடுற கேன் தண்ணியக்கூட அரை டம்ளருக்கு மேல குடிக்க மாட்டாரு. நான் திட்டுறத நிப்பாட்டிட்டேன்.

ஐப்பசியில மழை புடிச்சுச்சு. அந்த வருசம் நல்ல மழை, கார்த்திகை பூரா விட்டுவிட்டுக் கொட்டுச்சு. மழை வெறிச்ச அன்னைக்குக் காலையில பள்ளத்துக்குப் போனேன். கையாலதான் பறிச்சேன். அரைமுழம்கூட இல்ல, கசிஞ்சு நின்னுச்சு. நாக்குல வைக்கப் பயமா இருந்துச்சு. வச்சேன். உப்பு இல்ல.

ஏங்க, வாங்கன்னு கத்துனேன். ஓடி வந்தாரு. வந்தவரு கையில மம்பட்டி. புடுங்கி வீசுனேன். "இனி இந்தப் பள்ளத்துல இரும்பு பட்டுச்சு, கைய ஒடிச்சுப்புடுவேன்"னு சொன்னேன். அவரு மண்டி போட்டு உக்காந்து, விரலால மணல விலக்கி விலக்கி, ஒரு சிரட்டைத் தண்ணி ஊறுற வரைக்கும் காத்திருந்தாரு. குடிச்சாரு. "நல்லாருக்கு புள்ள"ன்னாரு. அம்புட்டு மாசம் கழிச்சு அவரு வாயில வந்த மொத வார்த்தை அது. எனக்கு அந்தத் தண்ணியவிட அந்த வார்த்தைதான் தாகத்தத் தீத்துச்சு.

நாலு நாள் போச்சு. சதக்கு வள்ளத்துல வந்து எறங்குச்சு. மொகத்துல ஒரு பரபரப்பு. வேற ஒரு கம்பெனி கேக்குதாம், ரெண்டு கப்பல் வச்சிருக்குதாம். கூரையும் பாதையும் இருக்கவே செலவு கம்மின்னு அவுகளுக்குப் புடிச்சுப் போச்சாம். தம்பிக்கு மறுபடி மேனேசர் வேலை, எங்களுக்கு முன்னவிட நல்ல சம்பளம், ஓட்டு வீடு கட்டித் தருவாகளாம். ஒரே ஒரு விசயம்தான் கேட்டிருக்காக, திட்டுல நல்ல தண்ணி இருக்கான்னு. இருந்தா மோட்டார் வச்சு நாளைக்கே வேலைய ஆரம்பிச்சிருவாக, இல்லாட்டி வேற எடம் பாப்பாக. மாமா முடிவத் தம்பி கையிலயே விட்டுட்டாகளாம். மழைக்கப்புறம் தண்ணி எப்பிடிண்ணே இருக்குன்னு கேட்டுச்சு.

ஓட்டு வீடும் சம்பளமும் எனக்கு மட்டும் கசக்குமா? ஆயுசுல அன்னைக்கு ஒரு நாள்தான் நான் வாயத் தொறக்காம நின்னேன். எங்க வீட்டுக்காரரு பொய் சொல்லத் தெரியாத மனுசன், சந்தையில மாட்டுக்குப் பல்லு போனதக்கூட அவரா முந்திக்கிட்டுச் சொல்லிருவாரு. குனிஞ்சு தரையப் பாத்தாரு.

"உப்பு தம்பி. வாயில வைக்க முடியல."

சதக்கு அவரையே பாத்துச்சு. குடிசை வாசல்ல நான் நெறச்சு வச்சிருந்த குடம் இருந்துச்சு. தம்பி நேராப் போயிச் சிரட்டையில மோந்து குடிச்சுச்சு. தோப்ப ஒரு தடவை பாத்துச்சு, மழைக்கு மட்டை நிமிந்து நின்ன தென்னைகளப் பாத்துச்சு. பெறகு சட்டைப்பையில இருந்து செல்போன எடுத்து, எங்க முன்னாடியே பேசுச்சு.

"சார், திட்டுலதான் நிக்கிறேன். தண்ணி சரியில்ல சார். இப்பத்தான் குடிச்சுப் பாத்தேன், ஒரே உப்பு. ஆமா சார், நீங்க வேற எடம் பாருங்க."

செல்போனப் பைக்குள்ள போட்டுட்டு, அடுப்புக்கு முன்னாடி உக்காந்துச்சு. எங்க வீட்டுக்காரரு மொகத்தத் துண்டால மூடிக்கிட்டு அழுதாரு, நான் தடுக்கல. சதக்கு கையில இருந்த சிரட்டைய என்கிட்ட நீட்டி, "இன்னுங் கொஞ்சம் மோந்து குடுங்கக்கா"ன்னுச்சு.