ஆறு வருடம் மேலே நின்ற பந்து

2002 ஜூன் எட்டாம் தேதி சனிக்கிழமை முற்பகல் பதினொன்றேகாலுக்கு, சான்டா கிளாராவின் நகரப் பூங்காவில் ஹாஜா நஜ்முதீன் தூக்கி அடித்த கிரிக்கெட் பந்து நேர்மேலே போய், இறங்காமல் நின்றுவிட்டது. கடுகளவில் கண்ணுக்குத் தெரிந்ததால், அது தொலைந்துவிட்டது என்று நடுவரால் அறிவிக்க முடியவில்லை. தொலையாத பந்து ஆட்டத்தில் இருப்பதாகவே கணக்கு. அதனால் நஜ்முதீனும் எதிர்முனையில் இருந்த பசுபதியும் ஓடத் தொடங்கினார்கள். மாலை ஐந்து மணிக்குப் பூங்கா அனுமதி முடிந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போய், அடுத்த சனிக்கிழமை ஒன்பது மணிக்கு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

நஜ்முதீன் சிப் வடிவமைக்கும் இன்ஜினியர், அணியின் கடைசி ஆட்டக்காரர். அதற்கு முன் ஆடிய ஏழு ஆட்டத்திலும் அவர் பெயருக்கு எதிரே பூஜ்யம்தான். இப்போது எவ்வளவு ஓடினாலும், பந்து யார் கையிலாவது விழுந்தால் ஓடியதெல்லாம் செல்லாது, எட்டாவது பூஜ்யம். இது அவருக்கும் தெரியும், பந்தின் கீழே கைகளைக் குவித்து நின்ற பௌலர் சேனாபதிக்கும், விக்கெட் கீப்பர் மயில்சாமிக்கும் தெரியும்.

"நல்லா ஓடுங்க பாய். புடிச்சேன்னா எல்லாம் கேன்சல், மறுபடி டக்குதான்!" என்பார் சேனாபதி.

"மொதல்ல பால் கீழ வரட்டும். அப்புறம் பேசுங்க" என்பார் நஜ்முதீன், மூச்சு வாங்கியபடி.

2004இல் பசுபதி வேலை மாறி, வேறு மாநிலத்தில் இருக்கும் ஃபிரிஸ்கோவுக்குப் போனார். வார இறுதிகளில் விமானத்தில் வந்து ஓடிவிட்டுப் போனார். நஜ்முதீனின் மனைவி ஷம்சாத் இரண்டு அணிக்கும் பிரியாணி கொண்டுவந்தார். சேனாபதிக்கும் மயில்சாமிக்கும் கிரீன் கார்டு கிடைத்தது. இருவருமே கோயம்புத்தூர்க்காரர்கள். அண்ணாந்து பார்த்தபடியே ஆறு வருடம் பேசிப் பேசி, சம்பந்தி வீட்டாரைப் போல ஒருவருக்கொருவர் மரியாதை கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

2008 ஆகஸ்ட் இருபத்து மூன்றாம் தேதி, நஜ்முதீன் பதினோராயிரத்து நானூற்று எண்பத்திரண்டாவது ரன்னை முடித்தபோது பந்து இறங்கத் தொடங்கியது. ஷம்சாத் பிரியாணிக் கரண்டியோடு எழுந்து நின்றார். நஜ்முதீன் கண்களை மூடிக்கொண்டார்.

"நீங்க புடிங்க சார்" என்றார் சேனாபதி.

"அட, பௌலர் நீங்க இருக்கறப்போ நானா? நீங்களே புடிங்க."

"அதெல்லாம் இல்லீங்க. கிளவுஸ் போட்டிருக்கீங்க, நீங்கதான் புடிக்கோணும்."

"இல்லீங்க சார், நீங்கதான்..."

பந்து இருவருக்கும் நடுவே புல்லில் விழுந்தது.

"யா அல்லாஹ்!" என்று ஷம்சாத் கத்தியது பூங்காவின் மறுகோடியில் நாயோடு நடந்தவர்களுக்கும் கேட்டது.

பந்தின் மேல் பனி படிந்திருந்தது. மயில்சாமி அதைத் துடைத்துச் சேனாபதியிடம் கொடுத்தார். அவர் வீசிய அடுத்த பந்திலேயே நஜ்முதீனின் நடு ஸ்டம்ப் பறந்தது. நஜ்முதீன் ஸ்கோர் நோட்டைக் கேட்டு வாங்கி, தன் பெயருக்கு எதிரே இருந்த எண்ணை விரலால் இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

எதிரணிக்கு நாற்பது ஓவரில் பதினோராயிரத்து அறுநூறு ரன் இலக்கு. ஓவருக்கு இருநூற்றுத் தொண்ணூறு வருகிறது என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டு, சேனாபதி கால்காப்புகளைக் கட்டிக்கொண்டு முதலாவதாக இறங்கினார். முதல் பந்து நன்றாக விழுந்ததால், அவசரப்படாமல் தடுத்து ஆடினார்.