கையெழுத்துக்கு ஒரு நாற்காலி

கடல் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், ஊருக்கு வெளியே ஒரு துறைமுகம் வந்துவிட்டது. தண்ணீரும் கப்பலும் கிடையாது. கிரேன், கிடங்கு, ரயில் தண்டவாளம் உண்டு. சரக்கை இங்கேயே சோதித்து, சீல் வைத்து ரயிலேற்றினால் நேரே கப்பல்தான் என்றார்கள். ஊரே ‘எலுமிச்சை அக்கா’ என்று கூப்பிடும் வியாபாரி, அதை நம்பி நாற்பது விவசாயிகளுக்கு, அவர்கள் எலுமிச்சையை வெளிநாட்டுக்கு அனுப்பித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள்.

முதல் கண்டெய்னரே வாசலோடு நின்றுவிட்டது.

"பழத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடுற ஆய்வாளர் இங்க இல்லம்மா," என்றார் சீல் வைக்கும் அதிகாரி. "கடல் துறைமுகத்துக்குப் போய்க் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. அப்புறம் இங்கிருந்து ரயில்ல அனுப்பிடலாம்."

"எங்க அனுப்புவீங்க?"

"கடல் துறைமுகத்துக்குத்தான்."

லாரி ஓட்டி வந்த கொழுந்தன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அக்கா முறைத்த முறைப்பில் சிரிப்பு தொண்டையிலேயே நின்றது.

விசாரித்தால், ஆய்வாளரை நியமித்து மூன்று மாதமாகிறதாம். மனிதர் ஊருக்குள் வேளாண்மை அலுவலகத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"நான் என்ன வரமாட்டேன்னா சொல்றேன்? மேசை நாற்காலி கேட்டு எழுதி எழுதிக் கை ஓஞ்சு போச்சும்மா. நாலு பக்கப் படிவத்தை நின்னுக்கிட்டு எழுத முடியுமா? முட்டிவலி வேற."

"நாற்காலி இருந்தா?"

"இப்பவே வர்றேன்."

கொழுந்தனைக் கண்டெய்னருக்குக் காவல் வைத்துவிட்டு, அக்கா ஒரு வேன் பிடித்து வீட்டுக்குப் போனாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் தட்டும் கையுமாக எழுந்து நிற்க, மேசையும் நாற்காலியும் வேனில் ஏறின.

"என்ன கூத்து இது?"

"வந்து சொல்றேன்!"

துறைமுக வாசலில் காவலாளி மறித்தார். "சரக்குதாம்மா உள்ள போகலாம்."

"அப்ப இதையும் சரக்குன்னே எழுதித் தொலைங்க!"

அவள் போட்ட சத்தத்தில் அவர் எழுதியே விட்டார்.

ஆய்வாளர் பழங்களை நறுக்கிப் பார்த்தார், முகர்ந்தார், பிறகு நிம்மதியாக உட்கார்ந்து நாலு பக்கமும் எழுதிக் கையெழுத்திட்டார். சீல் விழுந்தது. ஐந்து மணி ரயிலில் கண்டெய்னர் ஏறியதைப் பார்த்த பிறகுதான் அக்கா ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

மேசையை எடுத்துப்போக வந்தால் மறுபடியும் காவலாளி. "உள்ள வந்த சரக்கு ரயில்லதாம்மா வெளிய போகணும்."

அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். "சாமி, நீங்களே வெச்சுக்குங்க. அந்த மனுஷன் உட்கார்ந்தாப் போதும்."

மறுவாரம் இன்னும் மூன்று வியாபாரிகள் சரக்கு கொண்டுவந்தார்கள். ஆய்வாளர் ஒன்பது மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் தரையில் அமர்ந்து சாப்பிட்ட கணவர் கேட்டார்: "மேசை எப்ப வரும்?"

"கப்பல்ல வரும். பேசாம சாப்பிடுங்க."