எலியின் தலைக்குள் ஓடிய சிவப்பு

மூச்சுக் கோடு படுத்துவிட்டது. எலியின் வயிற்றுக்கடியில் வைத்த சின்ன மெத்தை ஏறி இறங்குவதைக் காட்டும் பச்சைக் கோடு அது. இவ்வளவு நேரம் அலையலையாக வந்தது, இப்போது ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் கிடந்தது. எம்ஆர்ஐ இயந்திரத்தை இயக்குகிறவள் தன் சின்னத் திரையை நெருங்கிப் பார்த்தாள். மயக்க வாயு கூடிப்போயிருக்க வேண்டும். கண்ணாடிக்கு அப்பால், காந்தத்தின் துளைக்குள், எலி செத்துவிட்டிருந்தது.

ஆய்வுக்கூட இயக்குநர் அதைக் கவனிக்கவில்லை. அவர் கோடு பார்க்கிறவரில்லை, படம் பார்க்கிறவர். கல்யாண மாப்பிள்ளைபோல் கோட்டு மாட்டிக்கொண்டு பெரிய திரைக்கு முன்னால் நின்றார்.

"கத்தி இல்ல, ஊசி இல்ல. வெறும் காந்தத்த வச்சே மூளைக்குள்ள எவ்வளவு ரத்தம் பாயுதுன்னு அளக்குறோம். மூளைக்கு ரத்தம் கூட்டுற நம்ம மருந்து சாப்பிட்ட எலி இது. இதோ, இந்த நிமிஷத்துப் படம்!"

திரை முழுக்கச் சிவப்பு. விருந்தினர்கள் கைதட்டினார்கள்.

அவள் கோட்டையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். செத்த மூளையில் ஏது ஓட்டம்? அப்போதுதான் அந்தப் பொத்தான் கண்ணில் பட்டது. "படம் பளிச்சுனு இருக்கணும்மா" என்று அவர் சொன்ன நாளிலிருந்து அவள் அமுக்கியே வைத்திருக்கும் பொத்தான். இருப்பதில் எது அதிகமோ அதைச் சிவப்பாக்கும். ஒன்றுமே இல்லாவிட்டால், இயந்திரத்தின் வெற்று மின்னிரைச்சலையே சிவப்பாக்கும். மூன்று வருடம், நூற்று நாற்பது எலிகள், அவருக்கு இரண்டு விருதுகள். எண்களைப் பார்க்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை.

முன்வரிசையில், சக்கர நாற்காலியில் அவள் அண்ணன். பக்கவாதத்தில் இடக்கையும் இடக்காலும் விழுந்தவன். மருந்து சாப்பிடப்போகும் முதல் மனிதன். பரிசோதனைக்கு அவன் பேரைக் கொடுத்தவளே அவள்தான். மடியில் சம்மதப் பத்திரம், வலக்கையில் மூடி திறந்த பேனா.

"ஏய் வாலு, எனக்கும் உள்ள இப்படிச் செவக்குமா?" என்று அவளைக் கேட்டான்.

"எலிக்கே இவ்வளவுன்னா உங்களுக்குக் கேக்கணுமா!" என்றார் இயக்குநர். அறை சிரித்தது.

அவள் எழுந்து காந்த அறைக்குள்ளே போனாள். எலி கிடந்த தட்டைத் துளையிலிருந்து வெளியே இழுத்தாள்.

"என்னம்மா பண்றே? படம் இன்னும் முடியல!"

"எலி முடிஞ்சிருச்சு சார்."

சிரிப்பு பாதியில் நின்றது. எலியைத் தட்டோடு கொண்டுவந்து அண்ணன் மடியில், பத்திரத்தின்மேல் வைத்தாள். அவன் பேனாவை விட்டுவிட்டு ஒரு விரலால் அதன் வயிற்றைத் தொட்டான். பிறகு அவளைப் பார்த்தான்.

யாரும் நிறுத்தாத இயந்திரம் தடதடத்துக்கொண்டிருந்தது. திரையில் அடுத்த படம் விழுந்தது. காலித் துளையின் படம். நல்ல சிவப்பு.